தோலும் லேசர் கதிரும்: வெப்பக் காயம் தோன்றும் விதம்

(பெங்களூரில் பொறியியல் மாணவர்களும் தொழில்துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



லேசர் என்றதும் நிலவின் தொலைவை அளந்த கதிரையோ, எஃகுத் தகட்டை வெண்ணெய் போல் அறுக்கும் இயந்திரத்தையோ நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு தொலைவில் இல்லை. அது நம் உடலைப் போர்த்தியிருக்கும் தோல். லேசர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுவோர் எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. கண்ணின் வில்லை ஒளியைக் குவித்து விழித்திரையில் அதன் செறிவை இலட்சம் மடங்கு பெருக்கிவிடும். ஆனால், இதனால் ஒரு தவறான எண்ணம் பரவிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கடமை முடிந்தது என்று நம் பணிமனைகளில் பலர் கருதுகிறார்கள். கண்ணாடி, கையைக் காப்பாற்றுவதில்லை.

இந்நகரில் ஒளியைப் பற்றிப் பேசும்போது சர் சி. வி. இராமனை நினையாமல் இருக்க இயலாது. 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்த அவர், 1948இல் தம் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1970 நவம்பரில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். இறுதி ஆண்டுகளில் மலர்களின் நிறமும் கண்ணின் பார்வையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்த பொருள்களாக இருந்தன. ரோஜா ஏன் சிவப்பாகத் தோன்றுகிறது? வெண்ணிற ஒளியில் பச்சை முதலிய பகுதிகளை இதழ் உட்கவர்ந்துகொண்டு, சிவப்பை நமக்குத் திருப்பித் தருகிறது. சரி, உட்கவர்ந்த ஒளி எங்கே போயிற்று? அதில் பெரும் பகுதி வெப்பமாக மாறி இதழுக்குள்ளேயே தங்கிவிட்டது. பொழுது முழுதும் வெயிலில் நிற்கும் ரோஜாவுக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டன்று. காற்றும் இலையின் ஈரமும் அதனைத் தணித்துவிடும். அதே உட்கவர்தல், ஒரு குண்டூசித் தலையளவு இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் நடைபெற்றால் அதற்குத் தீக்காயம் என்று பெயர். இன்றைய உரையின் சாரம் ஏறக்குறைய இவ்வளவே. மற்றவை அதன் விரிவு.

கதிர் சுடுவதில்லை

லேசர் கதிர் தன்னளவில் சூடான பொருளன்று. காய்ச்சிய இரும்பு தோலைத் தொடும்போது அதன் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. லேசரில் அவ்வாறன்று. ஒளி தோலுக்குள் நுழைகிறது, எங்கே உட்கவரப்படுகிறதோ அங்கேயே வெப்பம் பிறக்கிறது. எனவே, ‘எத்தனை வாட் லேசர்?’ என்ற ஒரே கேள்வி போதாது. அந்த ஒளியின் அலைநீளம் என்ன, அதைத் தோலில் எந்தப் பொருள் உட்கவர்கிறது, அப்பொருள் எந்த ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் கதிர் விழுந்தது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

தோலின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். மேலே மேல்தோல். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் சுமார் 0.1 மில்லி மீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமனே. அதன் அடியில் அடித்தோல், ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தடிமன் உடையது. இரத்த நாளங்களும், மயிர்க்கால்களும், வியர்வைச் சுரப்பிகளும், கொல்லாஜன் என்னும் நார்ப்புரதமும் இதில் உள்ளன. அதற்கும் கீழே கொழுப்பு. இந்த அடுக்குகளில் ஒளியை உட்கவர்வதில் மூன்று பொருள்கள் முதன்மையானவை. ஒன்று, மேல்தோலின் அடிப்பகுதியில் உள்ள மெலனின் என்னும் கருநிறமி. இரண்டு, இரத்தத்தின் ஹீமோகுளோபின். மூன்று, எங்கும் நிறைந்திருக்கும் நீர்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. நீர் அதனைப் பேராசையோடு உட்கவர்கிறது. ஆகவே, அது மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளாகவே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. காயம் மேலே தொடங்கும், கண்ணுக்கும் தெரியும். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை ஹீமோகுளோபினும் மெலனினும் விரும்பி ஏற்கின்றன. 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம்-யாக் லேசரும், அதற்கு அண்டையில் உள்ள இழை லேசர்களும் வேறு இயல்பின. அந்த ஒளியை நீரும் அதிகம் கவர்வதில்லை, மெலனினும் குறைவாகவே கவர்கிறது. அது திசுவில் சிதறிச் சிதறி மில்லி மீட்டர் கணக்கில் உள்ளே செல்கிறது. கண்ணுக்கும் அது புலப்படாது. மேலே சிறு சிவப்பு மட்டும் தெரிய, அடித்தோல் வெந்திருப்பது இதனால் நிகழக்கூடியது.

அடுப்பங்கரையும் தோல் பதனிடும் கூடமும்

சிறு கணக்கு ஒன்று போடுவோம். தோலின் ஒரு கன மில்லி மீட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் எடையுள்ளது. அதனை நீர் என்றே கொண்டால், 35 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 0.1 ஜூல் ஆற்றல் போதும். ஒரு வாட் என்பது வினாடிக்கு ஒரு ஜூல். ஆகவே, வெப்பம் வெளியே கசியாத நிலையில் ஒரு வாட் லேசருக்குப் பத்தில் ஒரு வினாடி வேலை. அதே கன மில்லி மீட்டரை முற்றிலும் ஆவியாக்க வேண்டுமானால் சுமார் 2.5 ஜூல் வேண்டும், அதாவது 25 மடங்கு. இந்த வேறுபாட்டைக் கருத்தில் வைக்க வேண்டும். தோலை அறுப்பதற்கு நிறைய ஆற்றல் தேவை. தோலை வேகவைக்க அதில் சிறு பங்கே போதும்.

60 டிகிரியில் அப்படி என்ன நடக்கிறது? முட்டையின் வெண்கரு உறைவதை அடுப்பங்கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புரதங்களின் மடிப்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. தோலிலும் அதுவே நிகழ்கிறது. ஆனால், தோலுக்குரிய சிறப்பான மாற்றம் கொல்லாஜனில்தான் காணப்படும். இதன் அமைப்பைக் கண்டறிந்த பெருமை நம் நாட்டுக்கு உரியது. பெங்களூரில் இராமனிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-55இல், கொல்லாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று பின்னிய முச்சுருள் என்று நிறுவினார். அந்த ஆய்வுக்குரிய கொல்லாஜன், அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. அது கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண். பின்னாளில் அவர் மீண்டும் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார்.

அந்த முச்சுருள் வெப்பத்தால் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த இழைகள் சுருண்டு நார் குறுகுகிறது; மேலும் வெந்தால் ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப் கையில் பிசுபிசுப்பது அதனால்தான். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடும் கூடத்தில் பணிபுரிபவருக்கு இது புதிய செய்தியாக இராது. பதப்படுத்தாத பச்சைத் தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் 60 முதல் 65 டிகிரிக்குள் அது திடீரெனச் சுருங்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். பதனிட்ட தரத்தைச் சோதிக்க இச்சுருக்க வெப்பநிலையையே அவர்கள் அளக்கிறார்கள். நம் உடலின் தோல், பதனிடப்படாத தோல். சுருங்கிய கொல்லாஜன் தானாகப் பழைய பின்னலுக்குத் திரும்பாது. உடல் அதனை அகற்றி, அவ்விடத்தில் ஒழுங்கற்ற புதிய நாரை நிரப்புகிறது. அதையே நாம் தழும்பு என்கிறோம்.

வெப்பநிலை இன்னும் ஏறினால், 100 டிகிரியில் திசுவின் நீர் கொதித்து நீராவிக் குமிழிகள் திசுவைக் கிழிக்கும். 150ஐத் தாண்டினால் கரியும். கரி எல்லா அலைநீளங்களையும் உட்கவரும் கருப்புப் பொருள் ஆதலால், அதன்பின் கதிர் உள்ளே செல்லாமல் கரியையே மேன்மேலும் சூடாக்கும். லேசர் அறுவை மருத்துவர்கள் கரியைத் துடைத்தபடி பணிபுரிவது இக்காரணத்தால்தான்.

நேரம் என்னும் அளவை

வெப்பநிலை மட்டும் காயத்தைத் தீர்மானிப்பதில்லை. 1947இல் அமெரிக்காவில் மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர், பன்றியின் தோலிலும் மனிதத் தோலிலும் செய்த ஆய்வுகள் இன்றும் அடிப்படையாக விளங்குகின்றன. தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் மீளாத காயம் ஏற்பட ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதற்குமேல் 51 டிகிரிவரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இந்நேரம் சுமார் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 60 டிகிரியில் ஐந்து வினாடியே போதும். 70 டிகிரியில் ஒரு வினாடிகூட வேண்டியதில்லை. சேதம், ஒரு வேதி வினையைப் போல் நேரத்தோடு சேர்ந்து திரள்கிறது என்பதே இதன் பொருள். லேசரால் விளையும் காயத்தைக் கணிக்கும் சமன்பாடுகளும் இவ்வடிப்படையிலேயே எழுதப்படுகின்றன.

தோல் சும்மா இருப்பதில்லை. உண்டான வெப்பத்தை அண்டைத் திசுவுக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது. இரத்த ஓட்டமும் சிறிது கொண்டு செல்லும். சூடான பகுதி சிறியதாக இருந்தால் விரைவில் ஆறும். 0.1 மில்லி மீட்டர் விட்டமுள்ள ஓர் இரத்த நாளம் ஆற, சுமார் ஐந்து மில்லி வினாடி. விட்டம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மெலனின் துகளோ ஒரு மைக்ரோ வினாடிக்குள் ஆறிவிடும். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவ விஞ்ஞானிகள் இதிலிருந்து ஓர் அரிய வழியைக் கண்டார்கள். இலக்கு உட்கவரும் அலைநீளத்தைத் தேர்ந்து, அது ஆறுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறுகிய துடிப்பாக ஒளியைச் செலுத்தினால், இலக்கு மட்டும் அழியும், சுற்றுப்புறம் தப்பும். பிறவியிலேயே முகத்தில் அமையும் செம்மச்சத்தைத் தழும்பின்றி மங்கச் செய்வதும், பச்சை குத்தியதை அழிப்பதும் இதனால் சாத்தியமாயின. துடிப்பு நீண்டுவிட்டால் வெப்பம் வழிந்து அண்டைத் திசுவும் வேகும். நன்மையும் தீமையும் இங்கே சில மில்லி வினாடிகளால் பிரிகின்றன.

யாருடைய தோலுக்கு எழுதிய அட்டவணை?

1960 மே 16ஆம் நாள் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அது 694.3 நானோமீட்டர் செந்நிற ஒளி தரும் மாணிக்க லேசர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் லியான் கோல்ட்மன் அவ்வொளியை மனிதத் தோலில் சோதித்தார். நிறம் குறைந்த பகுதியைவிடக் கருநிறப் பகுதியே அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே அவர் கண்டார். லேசர் மருத்துவம் பிறந்தபோதே கற்ற பாடம் அது. அப்பாடம் நமக்கு மற்றவரைவிட அதிகம் தேவை.

மேல்தோலின் மெலனின் ஒரு குடை. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து அது நம்மைக் காக்கிறது. அதே குடை, கண்ணுக்குப் புலப்படும் லேசர் ஒளியையும் அதை ஒட்டிய அகச்சிவப்பையும் வழிமறித்துத் தான் சூடேறிவிடுகிறது. மயிர்க்கால்களை அழிக்க 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரைச் செலுத்தினால், வெண்தோலில் ஒளி மயிர்க்கால்வரை இறங்கும். நம்மவர் தோலில் அதில் கணிசமான பங்கு மேல்தோலிலேயே வெப்பமாகிவிடும். விளைவு, கொப்புளம், பின் மாதக்கணக்கில் நீங்காத கருந்திட்டு அல்லது வெண்திட்டு. சில சமயம் தழும்பு.

தோலின் நிறத்தை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவருடையது. 1975இல் அது வகுக்கப்பட்டபோது வெண்தோலின் வகைகளே அதில் இருந்தன. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. இந்தியரில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து ஆகிய வகைகளுக்குள் அடங்குவர். இறக்குமதியாகும் கருவியோடு வரும் கையேட்டில் முதல் வரிசையில் அச்சாகியிருக்கும் ஆற்றல் அளவு நமக்கு உரியதன்று என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே போதும்.

மாநிறத் தோலுக்குரிய வழி அறியப்படாததன்று. மெலனின் குறைவாக உட்கவரும் 1,064 நானோமீட்டரைத் தேர்ந்தெடுப்பது, துடிப்பை நீட்டிச் சிறு மெலனின் துகள்களுக்கு ஆற அவகாசம் தருவது, மேல்தோலைத் தொடர்ந்து குளிர்விப்பது, மறைவான சிறு இடத்தில் முதலில் சோதித்துச் சில நாள் காத்திருப்பது, வெயிலில் கருத்த தோலில் சிகிச்சையைத் தள்ளிவைப்பது ஆகியன. இந்தியத் தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நெறிமுறைகளில் லேசரால் முடி நீக்குதலும் இடம்பெற்றது. ஆனால், நெறிமுறை மருத்துவரின் மேசையில் இருக்கிறது. பெங்களூரின் வணிகத் தெருக்களில் அழகு நிலையம் என்ற பலகையின் கீழ் கருவியை இயக்குபவர் பல இடங்களில் மருத்துவர் அல்லர். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு சலுகைக் கட்டணத்தில் முகத்தை ஒப்படைக்கும் ஓர் இளம் பெண்ணிடம், ‘உங்கள் தோலின் வகை என்ன, கடந்த வாரம் வெயிலில் அலைந்தீர்களா?’ என்று கேட்கப்படுகிறதா? கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இத்துறையின் அலுவலர்கள் இங்கே இருப்பதால் ஒன்று சொல்வேன். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், 2020 முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த அறிவிக்கையும் கருவியின் தரத்தைப் பற்றியவை. கருவி தரமானதாயிருந்தும், தவறான அளவில் தவறான தோலின்மேல் செலுத்தினால் காயம் காயமே. கருவிக்கு உரிமம் கேட்கும் நாம், அதை இயக்கும் கைக்கு உரிய பயிற்சியையும் கேட்க வேண்டும்.

பீனியாவின் பணிமனைகள்

இனி மருத்துவ நிலையத்தை விட்டுத் தொழிற்கூடத்துக்கு வருவோம். நகரின் வடமேற்கில் உள்ள பீனியா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் தொழில் லேசரால் உருமாறிவிட்டது. இரண்டு கிலோவாட் இழை லேசரின் கதிரை 0.2 மில்லி மீட்டர்ப் புள்ளியாகக் குவித்தால், அந்த இடத்தில் ஒளியின் செறிவு நண்பகல் வெயிலைப் போல் ஆறு கோடி மடங்குக்கும் மேல். அந்த ஒப்பீட்டைச் சற்று விளக்குகிறேன். தெளிந்த வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். இதில் ஒரு சுவையான பொருத்தம் உண்டு. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் லேசர்ப் பாதுகாப்புத் தரநிலை, பத்து வினாடிக்கு மேற்பட்ட வெளிப்பாட்டில், கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் விழ அனுமதிக்கும் உச்ச வரம்பும் சதுர மீட்டருக்கு 1,000 வாட்தான். கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்கு அது 2,000 வாட். 1,064 நானோமீட்டருக்கு 10,000 வாட். அலைநீளம் கூடக்கூட மெலனின் குறைவாக உட்கவர்வதால் இந்தத் தளர்வு. உடலின் பெரும் பரப்பில் ஒளி விழுந்தால் வரம்பு குறைக்கப்படுகிறது. ஏனெனில், இரத்த ஓட்டம் அவ்வளவு வெப்பத்தையும் அகற்ற இயலாது. இந்த அட்டவணையில் தோலின் நிறத்துக்குத் தனிப் பத்தி கிடையாது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பெரிய வெட்டும் இயந்திரங்கள் மூடிய அறைக்குள் இயங்குகின்றன. கதவைத் திறந்தால் கதிர் நின்றுவிடும் பூட்டமைப்பு அவற்றில் உண்டு. அவற்றில் ஆபத்து நேர்வது பெரும்பாலும் பழுதுபார்க்கும்போதும் கதிரை நேர்செய்யும்போதும்தான். பூட்டமைப்பை ஒரு கம்பித் துண்டால் ஏமாற்றிவிட்டு உள்ளே கைவிடும் வேளை அது. இப்போது எனக்குக் கவலை தருவது வேறொரு கருவி. கையில் துப்பாக்கி போல் பிடித்து உலோகத்தைப் பற்றவைக்கும் லேசர்க் கருவி சில ஆண்டுகளாகச் சிறு பணிமனைகளிலும் புகுந்துவிட்டது. அதன் திறன் ஒன்று, ஒன்றரை, இரண்டு கிலோவாட். வேலை சுத்தமாகவும் விரைவாகவும் முடிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதைச் சுற்றி அறையும் இல்லை, கதவும் இல்லை. 1,500 வாட் கதிர் பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பி, ஒரு மீட்டருக்கு அப்பால் பத்து சென்டி மீட்டர் வட்டமாக விரிகிறது என்று கொள்வோம். அங்கும் அது சதுர மீட்டருக்கு 1,90,000 வாட். வெயிலைப் போல் 190 மடங்கு. அனுமதித்த வரம்பைப் போல் 19 மடங்கு. பக்கத்தில் நின்று தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளின் முன்கையைத்தான் அது தேடிப்போகும். அவருக்கு யாரும் அங்கி தந்திருக்கமாட்டார்கள்.

சூடு பட்டால் கையை இழுத்துக்கொள்ளமாட்டோமா என்று கேட்கலாம். சுமார் 45 டிகிரியில் வலி தொடங்குகிறது. கையை இழுக்கும் அனிச்சைச் செயலுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். 100 வாட் கார்பன் டை ஆக்சைடு கதிர் ஐந்து மில்லி மீட்டர் வட்டத்தில் விழுந்தால், மேல்தோலின் மேலடுக்கு மில்லி வினாடி அளவிலேயே 60 டிகிரியை எட்டிவிடும். வலி வந்து சேருமுன் வேலை முடிந்துவிடுகிறது. ஆழமாகச் செல்லும் 1,064 நானோமீட்டரிலோ, வலியை உணரும் நரம்பு நுனிகள் மிகுந்த மேலடுக்கைத் தாண்டியும் வெப்பம் பிறப்பதால், எச்சரிக்கை பிந்தக்கூடும். தோலின் முழுத் தடிமனும் வெந்துவிட்ட இடத்தில் நரம்பு நுனிகளும் அழிந்து வலியே இல்லாமற்போகும். வலிக்கவில்லை என்று சொல்லும் தொழிலாளியையே மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. இளமையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை நேர்செய்துகொண்டிருந்தேன். குறைந்த திறனில்தானே இருக்கிறது என்ற துணிவில், கதிர் எங்கே வருகிறது என்று பார்க்கச் சூட்டுணர் தாளை எடுத்துவர எழாமல், கையை நீட்டினேன். ஊசி குத்தியது போல் இருந்தது. கையை எடுத்துப் பார்த்தபோது சுட்டுவிரலின் ஓரத்தில் வெண்மையான ஒரு புள்ளி. மயிர் பொசுங்கிய நாற்றம். கண்ணாடி அணிந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாள் இரண்டு அடி தூரத்தில் இருந்தது.

அரை வாட்டுக்கு மேற்பட்ட தொடர் கதிர் லேசர்கள் நான்காம் வகுப்பில் அடங்கும். சிதறி வரும் ஒளியாலும் கேடு விளைவிக்க வல்லவை, தீயும் மூட்ட வல்லவை என்பதே அவ்வகுப்பின் பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் லேசர்ப் பாதுகாப்புத் தரநிலையை ஐ.எஸ். 14624 என்ற எண்ணில் ஏற்றுள்ளது. பரிசோதனைக்குச் செல்லும் அலுவலர், கண்ணாடி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். கதிரைத் தடுக்கும் திரை இருக்கிறதா, தீப்பற்றாத நீண்ட கைச்சட்டையும் கையுறையும் உண்டா, பூட்டமைப்பு உண்மையில் வேலை செய்கிறதா, தகட்டிலிருந்து கருவியின் நுனி விலகியதும் கதிர் நிற்கிறதா என்பன அவை. நைலான், பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ தடித்த தோலாடையோ மேல்.

காயம் பட்டபின்

கதிர் நின்றதும் காயம் நின்றுவிடுவதில்லை. உள்ளே தங்கிய வெப்பம் அண்டைத் திசுவுக்குப் பரவிக்கொண்டிருக்கும். மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் கணக்கை நினைவுகூருங்கள். சில டிகிரி குறைத்தாலே திசுவுக்குக் கிடைக்கும் அவகாசம் பல மடங்காகும். ஆகவே, உடனே குழாய் நீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி வேண்டா, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சேதத்தைக் கூட்டும். பற்பசை, பேனா மை, மாவு, நெய் என்று நம் வீடுகளில் பூசும் எதுவும் வேண்டா. அவை காயத்தின் ஆழத்தை மருத்துவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மோதிரம், கடிகாரம் இருந்தால் வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுசெல்லலாம். இந்நகரில் விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப்பிரிவு இயங்கி வருகிறது.

அங்கே கொண்டுசெல்லும்போது உடன் ஒரு துண்டுச் சீட்டும் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். லேசரின் வகை, அலைநீளம், திறன், தொடர் கதிரா துடிப்பா, எத்தனை அடி தொலைவு, எவ்வளவு நேரம் என்பவற்றைத் தொழிற்கூடத்தின் பொறுப்பாளர் அதில் எழுதித் தர வேண்டும். கொதிநீர்க் காயத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவர், தோலின்மேல் ஒரு சிவந்த வட்டத்தை மட்டும் கண்டு, களிம்பு தந்து அனுப்பிவிட இடமுண்டு. 10.6 மைக்ரான் என்று சீட்டில் இருந்தால் அவர் பார்ப்பது மேலடுக்கு. 1,064 நானோமீட்டர் என்று இருந்தால், அந்த வட்டத்தின் அடியில் மில்லி மீட்டர் கணக்கில் என்ன வெந்திருக்கிறது என்று அவர் தேட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். இவற்றில் அலைநீளம், திறன் போன்ற கருவி பற்றிய விவரங்கள் கருவியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள மஞ்சள் நிறப் பட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல பணிமனைகளில் அந்தப் பட்டையின் மேல்தான் நாட்காட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.